அறிவுக் கூட்டமும் கட்டண வகுப்பும்

ஒரே தொழிலில் ஈடுபட்டோர் ஓரிடத்தில் கூடித் தாம் கண்டதையும் கற்றதையும் தமக்குள் பகிர்ந்து கொள்ளுதல் பழைமையான வழக்கம். கணினித் துறையில் இவ்வழக்கம் இன்று பெருமரமாய் வளர்ந்து நிற்கிறது. ஒரு நிரலாக்க மொழியைப் பயன்படுத்துவோர், ஒரு மென்பொருளைக் கூட்டு முயற்சியால் உருவாக்குவோர், இணையத்தின் கட்டமைப்பைப் பேணிக் காப்போர் என ஒவ்வொரு சாராரும் ஆண்டுதோறும் கூடிப் பேசுகின்றனர். இக்கூட்டங்களின் முன்னோ பின்னோ ஓரிரு நாள்களை ஒதுக்கி, தனிக் கட்டணம் பெற்றுக்கொண்டு பயிற்சி வகுப்பு நடத்தும் முறையும் இவற்றோடு சேர்ந்தே வளர்ந்துள்ளது.

பகிர்வதற்கென்று கூடிய இடத்தில் விற்பதற்கும் ஒரு கடை விரிக்கலாமா? இம்முறையைக் கண்டதும் எழும் வினா இதுவே. வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. கற்பிப்பவருக்கு ஊதியம் வேண்டும் என்பதும் உண்மை. கற்க வருவோருக்கு வாயில் அடைபடலாகாது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளும் மோதும் இடத்தில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இரு தரப்பு வாதங்கள்

கட்டண வகுப்பை மறுப்போர் கூறும் வாதங்கள் மூன்று. முதலாவது, பொதுச் சொத்தை விலை கூறுதல் தகாது என்பது. பலரும் ஊதியமின்றி உழைத்து உருவாக்கிய மென்பொருளைப் பற்றிய அறிவு, அப்பலருக்கும் உரியது. அதை ஒருவர் வகுப்பாக்கி விற்றால் ஊரார் வெட்டிய குளத்து நீரைக் குடத்தில் முகந்து ஊராருக்கே விற்பது போலாகும் என்பர். இரண்டாவது, பேசுவோர் கைப்பொத்திப் பேசத் தலைப்படுவர் என்பது. அரங்கில் பாதியைச் சொல்லி, மீதியை நாளைய வகுப்புக்கென வைத்துக்கொள்ளும் மனப்பான்மை ஒருமுறை நுழைந்துவிட்டால் கூட்டத்தின் உயிர் போய்விடும். மூன்றாவது, கட்டணம் என்பது மனிதரைத் தரம் பிரிக்கும் சல்லடை. பெரிய நிறுவனத்தின் ஊழியருக்கு அது நிறுவனத்தின் செலவு. மாணவருக்கோ அது ஒரு திங்கள் உணவுச் செலவு.

கட்டண வகுப்பை ஏற்போரின் வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. அரைமணி உரை வேறு, மூன்று மணி வகுப்பு வேறு. தாம் செய்த வேலையை எடுத்துரைக்க ஒருவர் சில நாள் ஆயத்தம் செய்தாற் போதும். வகுப்பு நடத்துபவரோ எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லும் பாடத்திட்டம் வகுக்க வேண்டும்; ஒவ்வொரு படிக்கும் பயிற்சிகள் அமைக்க வேண்டும்; கற்போர் எங்கெங்கு இடறுவர் என்பதை முன்னறிந்து அதற்கு மாற்று விளக்கம் ஏற்பாடு செய்ய வேண்டும்; முப்பது கணினிகளில் மூன்று இயங்காவிட்டால் வகுப்பு நின்றுவிடாமல் காக்க வேண்டும். பாடக்குறிப்பு எழுதிப் பழகிய ஆசிரியர் எவரும் இவ்வுழைப்பின் அளவை அறிவர்.

இத்துணை உழைப்பையும் ஊதியமின்றிக் கேட்டால் யார் முன்வருவர்? நிறுவனம் விடுப்பும் வழிச்செலவும் கொடுத்து அனுப்புவோர் வருவர். பிற வருவாய் உள்ளோர் வருவர். தனியே தொழில் செய்து பிழைப்பவரும், குறைந்த ஊதியத்தில் கற்பிக்கும் நல்லாசிரியரும் விலகி நிற்பர். ஆகவே இலவசம் என்பதும் ஒரு சல்லடையே. கட்டணம் கற்பவரைச் சலிக்கிறது. இலவசம் கற்பிப்பவரைச் சலிக்கிறது. மறுப்போர் பெரும்பாலும் காணத் தவறுவது இவ்விரண்டாம் சல்லடையையே.

நன்னூல் தரும் அளவுகோல்

இவ்வழக்கைத் தீர்க்க உதவும் அளவுகோல் ஒன்று தமிழிலேயே உண்டு. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை இலக்கண நூலாக மட்டுமே பலரும் அறிவர். அதன் பொதுப்பாயிரமோ ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கும் சிறந்த கல்விக் கோட்பாடு ஆகும்.

யாருக்குப் பாடம் சொல்லலாம் என்பதற்கு அந்நூல் அறுவரைக் குறிக்கிறது. ஆசிரியரின் மகன், ஆசிரியருக்கு ஆசிரியராய் இருந்தவரின் மகன், மன்னன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டுப் பணி செய்பவன், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையவன் என்போரே அவ்வறுவர். பொருள் கொடுத்துக் கற்பவனை நன்னூலார் ஒதுக்கவில்லை. கல்விக்குக் கட்டணம் பெறுதல் இழிவென்று கருதும் போலித் தூய்மை அவரிடம் இல்லை. ஆயினும் பொருள் என்பது ஆறு வாயில்களில் ஒரு வாயில் மட்டுமே. பணி செய்பவனுக்கும் ஆற்றலுடையவனுக்கும் வேறு வாயில்கள் திறந்தே இருந்தன.

இதனினும் முதன்மையான கருத்து ஒன்றும் அப்பாயிரத்தில் உள்ளது. ஆசிரியர் உரைத்ததை எத்துணை நன்றாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குப் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். தான் கற்றதைப் பிறருக்கு விளங்க எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்று நன்னூல் கணக்கிடுகிறது. வகுப்பறை கால், தோழமை கால், தானே கற்பித்தல் அரை.

இக்கணக்கைத் தொழில்நுட்பக் கூட்டங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் தெளிவு பிறக்கிறது. கட்டண வகுப்பு தரக்கூடியது முதற் காற்பங்கு. எஞ்சிய முக்காற்பங்கும் கூட்டத்தில்தான் விளைகிறது: இடைவேளை உரையாடலில், மேடை ஏறிப் பேசுவதில், புதியவரின் ஐயத்தைப் பழையவர் தீர்ப்பதில். கட்டண வகுப்பு தக்கதா தகாததா என்று பொதுவாகக் கேட்பதினும், அந்தக் காற்பங்கு மற்ற முக்காற்பங்கை ஊட்டுகிறதா, உண்கிறதா என்று கேட்பதே முறையாகும்.

ஒரு ஷில்லிங் வாங்கித் தந்ததும் வாங்கித் தராததும்

அறிவியல் வரலாற்றில் இதற்கு ஒப்பற்ற சான்று மைக்கேல் ஃபாரடேயின் இளமைக் காலம். 1791இல் இலண்டனுக்கு அருகில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், புத்தகம் கட்டும் கடையொன்றில் ஏழாண்டுத் தொழிற்பயிற்சிக்கு அமர்ந்தார். கட்ட வந்த நூல்களையே படித்து அறிவு வளர்த்த அவருக்கு, 1810ஆம் ஆண்டு ஜான் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை நேரத்தில் நடத்திய அறிவியல் உரைகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. ஓர் உரைக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத் தொழில் செய்த அண்ணன் ராபர்ட் அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார்.

டேட்டம் வகுப்பு மட்டும் நடத்தவில்லை. 1808இல் அவர் நிறுவிய நகரத் தத்துவக் கழகம் என்னும் அமைப்பும் அதே இல்லத்தில் கூடி வந்தது. எளிய நிலையிலிருந்த முப்பது நாற்பது பேர் புதன்கிழமைதோறும் மாலையில் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் அமைந்து கற்றனர். ஒரு புதன்கிழமை உறுப்பினர் மட்டும் கூடி வினாக்களை விவாதிப்பர். மறு புதன்கிழமை நண்பர்களும் வரலாம். உறுப்பினர் ஒருவர் முறைப்படி உரையாற்றுவார். தம் முறை வந்தும் உரையாற்றத் தவறியவர் அரைக் கினி தண்டம் செலுத்த வேண்டும். அரைக் கினி என்பது பத்தரை ஷில்லிங். வகுப்பில் அமர்ந்து கேட்பதற்கு ஒரு ஷில்லிங். கழகத்தில் வாய் திறவாது இருப்பதற்குப் பத்தரை ஷில்லிங்! எது பெரிய இழப்பு என்பதை அவ்வெளிய மனிதர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். பவணந்தியாரின் பெயரையும் கேட்டிராத அவர்கள், அவர் வகுத்த கணக்கையே தம் கழக விதியாக்கிக் கொண்டனர் எனலாம்.

ஃபாரடே அக்கழகத்தில் உறுப்பினரானார். 1816ஆம் ஆண்டு தொடங்கி அங்கே வேதியியல் குறித்துத் தொடர் உரைகள் ஆற்றினார். பின்னாளில் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் இலண்டன் மக்களைக் கட்டிப் போட்ட பேச்சாற்றலுக்கு நாற்றங்கால் அதுவே. சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் உரைத்தொடரை 1827க்கும் 1860க்கும் இடையே 19 முறை நிகழ்த்தியவர் அவர். ஷில்லிங் கொடுத்துப் பெற்றது காற்பங்கு. கழகத் தோழமையும் கழக மேடையும் தந்தவை முக்காற்பங்கு.

இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. புகழ்ச்சியில் அதை மறந்துவிடலாகாது. அண்ணன் இல்லாதிருந்தால் ஷில்லிங் ஏது? 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்க ஃபாரடேக்கு நுழைவுச்சீட்டு கிடைத்ததும், புத்தகக் கடைக்கு வந்த வில்லியம் டான்ஸ் என்னும் வாடிக்கையாளரின் பரிவினால்தான். அவ்வுரைகளுக்கு எழுதிய குறிப்புகளைக் கட்டடம் செய்து டேவிக்கு அனுப்பியதே 1813இல் அவருக்கு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் பணியைத் தேடித் தந்தது. ஒரு மேதை கடைத்தேறியது அண்ணனின் அன்பாலும் வாடிக்கையாளரின் பரிவாலும். அண்ணனும் வாடிக்கையாளரும் வாய்க்காத மேதைகள் எத்தனை பேரோ! ஏழைக்கான வாயிலைத் தற்செயலுக்கு விட்டுவைத்த அமைப்பை முழுமையான அமைப்பென்று கூற இயலாது.

இக்காலக் கூட்டங்கள் சில

இனி, இக்காலத் தொழில்நுட்பக் கூட்டங்கள் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டன என்பதைக் காணலாம்.

யூஸ்னிக்ஸ் என்னும் சங்கம் 1975ஆம் ஆண்டு யூனிக்ஸ் இயங்குதளத்தின் பயனர் கூட்டமாகத் தோன்றியது. அதன் மாநாடுகளில் ஆய்வுரைகளுக்கு ஒரு பகுதியும், கட்டணப் பயிற்சி வகுப்புகளுக்கு ஒரு பகுதியும் ஒதுக்கப்படும் வழக்கம் நிலைபெற்றது. கணினி அமைப்புகளைப் பராமரிப்போருக்கென 1987இல் தொடங்கி 2021 வரை அச்சங்கம் நடத்திய லிசா மாநாட்டில் இப்பயிற்சிகள் சிறப்பிடம் பெற்றன. கல்லூரிகள் கற்பிக்காத தொழிலைத் தொழிலாளரே தொழிலாளருக்குக் கற்பித்த இடம் அது. அதே சங்கம் 2008ஆம் ஆண்டு தன் மாநாட்டுக் கட்டுரைகள் அனைத்தையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்துவிட்டது. கற்பிக்கும் உழைப்புக்கு விலை உண்டு. கண்டறிந்த அறிவுக்கு விலை இல்லை. இவ்விரண்டையும் பிரித்து நிறுத்தியதே அச்செயலின் சிறப்பு.

பைத்தான் நிரலாக்க மொழியினர் 2003ஆம் ஆண்டு முதல் நடத்தி வரும் அமெரிக்கப் பைக்கான் மாநாடு இன்னொரு வகையில் கருதத்தக்கது. அங்கே மாநாட்டுக்கு முன் பயிற்சி வகுப்பு நாள்கள், அவற்றுக்குத் தனிக் கட்டணம், நடத்துவோருக்கு ஊதியம். அடுத்து மாநாடு, அதில் உரையாற்றுவோரும் ஏற்பாட்டாளரும் கூட நுழைவுக் கட்டணம் செலுத்துவர். வசதி குறைந்தோருக்கு உதவித்தொகை உண்டு. அதன்பின் சில நாள்கள் கூடியிருந்து மென்பொருளை மேம்படுத்தும் கூட்டு உழைப்பு. அதில் எவரும் கட்டணமின்றிக் கலந்துகொள்ளலாம். உரைகளின் ஒளிப்பதிவுகள் பின்னர் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கேட்டல், பின்னர்ப் பழகுதல், இறுதியில் தாமே செய்தல் என்னும் வரிசை இதில் அமைந்திருப்பதைக் காணலாம். முதற் படிக்கு விலை உண்டு. கடைசிப் படிக்கு விலை இல்லை. உறுப்பினரை ஆக்கும் படி கடைசிப் படியே ஆதலின், அதை விலையின்றி வைத்தது நுட்பமான ஏற்பாடு. இதிலும் ஒரு குறை எஞ்சுகிறது. ஒளிப்பதிவு பாடத்தைத் தரும்; தவறு நேரும்போது தோளருகே குனிந்து திருத்தும் ஆசிரியரைத் தராது. தொலைநாட்டு ஏழை மாணவருக்குக் கிட்டுவது காற்பங்கிலும் ஒரு பகுதிதான்.

இணையப் பொறியியல் பணிக்குழு இதற்கு மாறான வழியைக் கைக்கொண்டது. 1986 ஜனவரியில் சான் டியேகோவில் 21 பேருடன் முதன்முதல் கூடிய இக்குழு, தன் நூறாவது கூட்டத்தை 2017 நவம்பரில் சிங்கப்பூரில் நடத்தியது. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் இக்குழு, கூட்ட வாரத்தின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையன்று பயிற்சி வகுப்புகளை நடத்தி வந்தது. பதிவு செய்தோருக்கு அவற்றுக்கெனத் தனிக் கட்டணம் இல்லை. கேட்பதற்கு இனிய ஏற்பாடுதான். ஆனால் வகுப்புக்கு விலையில்லை என்பதனால் வாசலுக்கு விலையில்லை என்று பொருளாகாது. கூட்டத்தின் பதிவுக் கட்டணமும் விமானச் செலவும் விடுதிச் செலவும் எளியோர் தாங்கத்தக்கன அல்ல. பாயசம் இலவசம் என்றாலும் பந்தலுக்குள் நுழைந்த பின்னரே அது இலையில் விழும். இக்குழுவைக் காப்பது வேறொரு பண்பு. அதன் ஆவணங்கள் அனைத்தும் இலவசம்; அதன் விவாதம் மின்னஞ்சல் வழியாக எவரும் பங்குகொள்ளுமாறு நடைபெறுகிறது; கூட்ட அறையில் எட்டிய கருத்தும் அவ்வழியே உறுதி செய்யப்பட வேண்டும். ஆகவே வர இயலாதவரின் குரலும் முடிவில் இடம்பெறுகிறது.

ஆசிய வட்டாரத்தில் இணைய வலைப்பின்னல்களை இயக்குவோரின் ஏப்ரிகாட் மாநாடு 1996ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கியது. மாநாட்டுக்கு முன் பல நாள்கள் தொடரும் செய்முறைப் பயிலரங்குகள் அதன் தனிச்சிறப்பு. கருவிகளை அடுக்கி வைத்து, வலைப்பின்னலைப் பிணைத்தும் பிரித்தும் கற்பிக்கும் இவ்வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. வளரும் நாடுகளின் பொறியாளருக்கு உதவித்தொகையும் உண்டு. இங்கே கற்பித்தல் தொண்டு மட்டுமன்று, தேவையும் ஆகும். ஒரு நாட்டின் பொறியாளர் தவறாக அமைத்த வலைப்பின்னல், அண்டை நாட்டின் போக்குவரத்தையும் தடம் புரளச் செய்யக்கூடும். பிறர் கற்பதில் தமக்கும் நன்மையுண்டு என்று உணர்ந்த இடத்தில் உதவித்தொகை இரக்கத்தின் பாற்பட்டதாகாமல் அறிவுடைமையின் பாற்பட்டதாகிறது.

வழி தவறும் இடங்கள்

மேற்கண்ட நான்கும் குறையுடன் கூடிய நல்ல எடுத்துக்காட்டுகள். எல்லாக் கூட்டங்களும் இத்துணை விழிப்புடன் நடத்தப்படுவதில்லை. கட்டண வகுப்பு கூட்டத்தை உண்ணத் தொடங்கும் இடங்கள் சில உள.

முதலாவது, உரை விளம்பரமாதல். அரங்கில் பேசுவோர் பொருளைத் தொட்டுக்காட்டி, விளக்கத்தை வகுப்புக்கு ஒத்திவைத்தால் உரை விற்பனைச் சீட்டாகிவிடும். பள்ளிக்கூட உலகில் இந்நோய் புதியதன்று. வகுப்பில் அரைகுறையாக நடத்திவிட்டு, அதே மாணவரை மாலையில் கட்டணத் தனிப்பயிற்சிக்கு அழைக்கும் ஆசிரியரைச் சமுதாயம் மன்னிப்பதில்லை. தனிப்பயிற்சி தவறு என்பதனால் அன்று. ஒரு கடமையைக் குறைத்து மற்றொன்றை விற்றதனாலேயே அப்பழி. தொழில்நுட்பக் கூட்டத்துக்கும் இந்நெறி பொருந்தும்.

இரண்டாவது, புதியவரை வரவேற்கும் பொறுப்பு கைமாறுதல். புதியவர் ஒருவர் எளிய வினாவொன்றைக் கேட்கிறார். அதற்கு வகுப்பு இருக்கிறது, அங்கே செல்க என்று மூத்தவர் கைகாட்டுகிறார். பார்வைக்கு இது ஒழுங்கான ஏற்பாடே. ஆனால் அந்நொடியில் புதியவர் வாடிக்கையாளர் ஆகிறார்; உறுப்பினர் ஆகும் வாய்ப்பை இழக்கிறார். மூத்தவருக்கும் இழப்பு உண்டு. எடுத்துரைப்பதால் கிட்டும் அரைப்பங்கை அவர் கைநழுவ விடுகிறார்.

மூன்றாவது, கையேடு மெலிதல். இதுவே வெளிக்குத் தெரியாத பெருந்தீங்கு. ஒரு மென்பொருளைத் தெளிவாக விளக்கும் ஆற்றல் சிலருக்கே வாய்க்கும். அச்சிலரின் விளக்கங்கள் அனைத்தும் கட்டண வகுப்பின் நான்கு சுவர்களுக்குள் தங்கிவிட்டால் எவரும் படிக்கத்தக்க பொதுக் கையேட்டை எழுதுவார் இலர். கையேடு மோசமாக இருக்க இருக்க வகுப்புக்குத் தேவை பெருகும். வகுப்பு பெருகப் பெருகக் கையேட்டைத் திருத்தும் ஆர்வம் குறையும். எவரும் தீமை கருதாமலே இச்சுழல் உருவாகிவிடும். இதை உடைக்கத் திட்டமிட்ட விதி ஒன்று வேண்டும்.

நான்காவது, யாருடைய பணப்பையை அளவாக வைத்துக் கட்டணம் வகுக்கப்படுகிறது என்பது. நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தையே பொது அளவாக்கினால் தம் கைப்பணத்தில் வருவோர் மறைந்து போவர். அவர்கள் வராததும் எவர் கண்ணிலும் படாது. வந்தோரை எண்ணலாம், வர இயலாதோரை எண்ணுவது எங்ஙனம்? அரங்கு நிறைந்திருப்பதை வெற்றியென்று கொண்டாடும் ஏற்பாட்டாளர், நிறைந்திருப்போர் யாவர் என்று நோக்குவதில்லை.

ஐந்தாவது, கணக்கு மறைதல். வகுப்பில் திரண்ட பணத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு, மண்டபத்துக்கு எவ்வளவு, அமைப்பின் பொதுநிதிக்கு எவ்வளவு என்பது உறுப்பினருக்குத் தெரியாவிடில் ஐயம் முளைக்கும். ஊதியமின்றி உழைக்கும் தொண்டூழியர் ஒருவர் மனத்தில் அவ்வைய வித்து விழுந்துவிட்டால் அமைப்பின் அடித்தளமே ஆட்டங்காணும்.

தமிழ்க் கணிமைக்கு இதனால் ஆவது என்ன

இவ்வாராய்ச்சி தமிழருக்கு அயலானதன்று. தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கியது. அடுத்து 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001இல் கோலாலம்பூரிலும் அவை நடைபெற்றன. அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனித்தனிக் குறியாக்க முறையைக் கையாண்டது. ஒன்றில் தட்டெழுதியதை மற்றொன்றில் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தோன்றும். 1999 மாநாட்டில் டாம், டாப் என்னும் தரங்கள் முன்வைக்கப்பட்டன. 1991 முதலே யூனிகோடு தரத்தில் தமிழுக்கு இடம் இருந்தும், அது மக்கள் வழக்கில் நிலைபெறக் காலம் பிடித்தது.

தமிழ்க் கணிமையின் தனித்தன்மை ஒன்று உண்டு. அதை உருவாக்குவோர் பொறியாளர். அதை நாள்தோறும் பயன்படுத்த வேண்டியோர் தமிழாசிரியர், எழுத்தாளர், இதழாளர், மாணவர். முன்னவரின் ஊதியமும் பின்னவரின் ஊதியமும் ஒன்றல்ல. பொறியாளர் மாநாட்டின் கட்டணத்தைத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் எதிர்பார்த்தல் முறையாகாது. அதற்காக எல்லாப் பயிற்சியையும் இலவசமாக்கினால், ஆண்டுதோறும் அதே நான்கைந்து தொண்டூழியர் வார இறுதிகளையெல்லாம் ஈந்து, இறுதியில் களைத்து ஒதுங்குவர். அவர் ஒதுங்கினால் அவருடன் அவ்வகுப்பும் போய்விடும். தமிழ் அமைப்புகள் பலவற்றின் வரலாறு ஒருவரின் தோள்வலிமை உள்ளவரை நீளும் வரலாறே. தொண்டைப் போற்றுவது வேறு. தொண்டரை இறுதிச் சொட்டு வரை பிழிவது வேறு.

இம்மண்ணின் தமிழருக்கு இடைவழி தெரியாததன்று. 1982இல் மலேசியாவில் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையமும், 1991இல் சிங்கப்பூரில் அமைந்த சிண்டாவும் எளியோர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி வகுப்புகளைச் சமுதாய முயற்சியாக நடத்திக் காட்டியுள்ளன. பள்ளிப் பாடத்துக்கு இயன்றது கணினிப் பயிற்சிக்கு இயலாமற் போகாது.

நன்னூலார் காட்டிய ஆறு வாயில்களை இங்கே மீண்டும் நோக்கலாம். தன் மகன், ஆசான் மகன், மன்னன் மகன் என்னும் மூன்றும் பிறப்பும் உறவும் திறக்கும் வாயில்கள். அக்காலத்துக்கு அவை பொருந்தியிருக்கலாம். இக்காலத்தில் அவை வேண்டியவருக்கு இடம் ஒதுக்கும் வழக்கமாகவே முடியும். அவற்றை அடைத்துவிடலாம். எஞ்சிய மூன்றும் இன்றும் பயன்படுவன. பொருள் உடையவர் பொருள் கொடுத்துக் கற்கட்டும். பொருள் இல்லாதவர் பணி செய்து கற்கட்டும்: மண்டபத்தை ஒழுங்குபடுத்துதல், கணினிகளை ஆயத்தம் செய்தல், பாடக்குறிப்பைத் தமிழாக்குதல் ஆகியன வழிபாட்டுக்கு ஈடான இக்காலப் பணிகள். ஆற்றலும் ஆர்வமும் உடைய இளையோருக்கு அவ்விரண்டும் வேண்டா. அவர்களின் இடத்துக்குரிய செலவை முதல் வகையினரின் கட்டணம் தாங்கட்டும். இவ்வாறு அமைந்தால் யார் எவ்வாயிலில் நுழைந்தார் என்பது வகுப்பறைக்குள் எவருக்கும் தெரியலாகாது. இலவச இடத்தில் அமர்ந்தவர் என்ற முத்திரை, கட்டணத்தினும் கொடிய தடை.

இவற்றோடு சில நெறிகளையும் அமைப்புகள் தமக்கு விதித்துக்கொள்ளுதல் நன்று. கூட்டம் நடைபெறும் நேரத்தில் கட்டண வகுப்பு நடைபெறலாகாது. ஒரே நேரத்தில் இரண்டும் நடந்தால் பணம் கொடுத்த இடத்துக்கே மக்கள் செல்வர். வகுப்புக்காக எழுதிய பாடக்குறிப்பும் பயிற்சிகளும் வகுப்பு முடிந்தபின் பொதுவில் வைக்கப்பட வேண்டும். கட்டணம் ஆசிரியரின் நேரத்துக்கும் கவனத்துக்குமே உரியது. கையேடு மெலியும் சுழலை உடைக்கும் விதி இதுவே. கணக்கு ஆண்டுக் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். இறுதியாக, வகுப்பில் கற்றவர் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடமேனும் பேச வேண்டும், அல்லது புதியவர் ஒருவருக்குக் கற்பிக்க வேண்டும். அரைக் கினி தண்டம் விதிக்கத் தேவையில்லை. அழைத்து மேடையேற்றும் அன்பு போதும்.

கட்டண வகுப்பைத் தீமை என்று ஒதுக்குவதும், கூட்டத்தை வளர்க்கும் வழி அதுவொன்றே என்று தழுவுவதும் ஆராயாத முடிவுகள். கற்பித்தல் உழைப்பு, உழைப்புக்கு ஊதியம் உண்டு. கூடிப் பேசுதல் உறவு. உறவுக்கு விலை இல்லை. ஒரு கூட்டத்தின் கட்டண வகுப்பை மதிப்பிட விரும்புவோர், வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்தனர் என்று எண்ணுவதோடு நில்லாமல், அவர்களுள் எத்தனை பேர் அடுத்த ஆண்டு எழுந்து நின்று பிறருக்கு எடுத்துரைத்தனர் என்பதையும் எண்ண வேண்டும். அவ்வெண் ஆண்டுதோறும் பெருகுமாயின் அங்கே கட்டணம் பெற்றது முறையே. பெருகாவிடின், அக்கூட்டம் காற்பங்கை விற்று முக்காற்பங்கை இழந்து வருகிறது என்றே கொள்ள வேண்டும்.